இலக்கணமா, வாசிப்பா? பள்ளி இறுதியாண்டு ஆங்கிலமும் கொல்கத்தாவின் அனுபவமும்

மேற்கு வங்காளத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உச்ச மாத்யமிக் என்று பெயர். நம்மூர் பிளஸ் டூவுக்கு இணையானது. அதில் தேறிக் கல்லூரிக்குள் நுழையும் வங்க வழி மாணவர் பலர் முதல் மாதத்திலேயே ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டுகிறார்கள். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவார்கள். நேர்கூற்றை அயற்கூற்றாக்கவும் தெரியும். ஆனால் பொருளாதாரப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைத் தனியாக வாசித்துச் சாரத்தைச் சொல்லுங்கள் என்றால் திணறுகிறார்கள். சென்னையிலோ திருநெல்வேலியிலோ கல்லூரியில் பாடம் நடத்துபவர்களுக்கும் இது பழகிய காட்சிதான்.

பள்ளியின் கடைசி ஆண்டில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதை இலக்கணப் பயிற்சிக்குக் கொடுப்பதா, வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுப்பதா? இந்தக் கேள்வியோடு மிக நீண்ட காலம் போராடிய இந்திய நகரம் கொல்கத்தா. இலக்கண விதிகளை மட்டும் நம்பி ஒரு நூற்றாண்டு கழிந்தது. பிறகு விதிகளை ஒதுக்கிவைத்துப் பேச்சுப் பயிற்சியை நம்பிய காலமும் வந்தது. இரண்டும் பெருவாரியான பிள்ளைகளைக் கைவிட்டன. இரண்டிலும் இல்லாமல் போனது ஒன்றே: பிள்ளைகள் ஆங்கிலத்தில் போதிய அளவு வாசிக்கவில்லை. அந்த வரலாற்றையும் இன்றைய நிலையையும் வெளிநாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்து, இறுதியாண்டு மாணவருக்கு எது தேவை என்று இக்கட்டுரை ஆராய்கிறது.

தேர்வு வாசலாக வந்த ஆங்கிலம்

கொல்கத்தாவின் ஆங்கிலக் கல்வியை மெக்காலேயிலிருந்து தொடங்குவது வழக்கம். அவர் இந்தியக் கல்வி பற்றிய தம் குறிப்பை எழுதியது 1835 பிப்ரவரி 2 அன்று. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1817 ஜனவரி 20 அன்று, நகரத்துச் செல்வந்தர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக இந்துக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிப் புத்தகங்களை அச்சிட கல்கத்தா ஸ்கூல் புக் சொசைட்டி உருவானதும் அதே ஆண்டில்தான். 1823-இல் ராம்மோகன் ராய் ஆளுநர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்டுக்குக் கடிதம் எழுதி, அரசுப் பணத்தில் சமஸ்கிருதக் கல்லூரி வேண்டாம், கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கும் கல்வி வேண்டும் என்று கேட்டார். அந்தத் தலைமுறைக்கு ஆங்கிலம், புத்தகங்களைத் திறந்து வாசிப்பதற்கான மொழி.

1857-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வந்ததும் நிலைமை மாறியது. அடுத்த ஆண்டு பங்கிம் சந்திர சட்டோபாத்யாயும் ஜதுநாத் போஸும் அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு அரசு வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் வாசலாக ஆனது. வங்காளம் முழுவதும் இருந்த பள்ளிகள் அந்த ஒரு தேர்வை நோக்கித் திரும்பின. வாசிப்பதற்காகக் கற்ற மொழி, தேறுவதற்காகக் கற்கும் பாடமாக மாறியது இப்படித்தான்.

இதற்கிடையே நல்ல முயற்சிகளும் நடந்தன. வித்யாசாகர் வங்க எழுத்துகளுக்கு ‘பர்ணபரிசய்’ எழுதிய அதே காலத்தில், அவருடைய நண்பர் பியாரிசரண் சர்க்கார் வங்கச் சிறுவர்களுக்காக ‘ஃபர்ஸ்ட் புக் ஆஃப் ரீடிங்’ என்ற வாசிப்பு நூலை எழுதினார். சிறு வாக்கியங்களில் தொடங்கி மெல்ல மெல்ல நீளும் பாடங்கள் அதில் இருந்தன. பல தலைமுறைகள் அதை வைத்துத்தான் ஆங்கிலம் படித்தன.

விதிகளின் நூற்றாண்டு

பிறகு இலக்கண நூல்கள் முன்னுக்கு வந்தன. வடமேற்கு மாகாணக் கல்வித் துறையில் இயக்குநராக இருந்த நெஸ்ஃபீல்டின் இலக்கணம், 1930-களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின், வங்காளத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பி.கே. தே சர்க்காரின் இலக்கண, மொழிபெயர்ப்பு நூல், ஏ.டி. தேவின் அகராதி ஆகியவையே மாணவரின் ஆங்கில உலகம். ரென் அண்ட் மார்ட்டினைத் தமிழ்நாட்டு மாணவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்நூல்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. இவற்றை வைத்துப் படித்தவர்களில் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தேர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் இலக்கணத்தோடு நிறுத்தியவர்கள் அல்லர். நாவலும் செய்தித்தாளும் கட்டுரையும் கூடவே வாசித்தவர்கள். வீட்டில் புத்தகம் இருந்த பிள்ளைக்கு இலக்கண நூல் துணையாக நின்றது. புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது மட்டுமே ஆங்கிலமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு விதி தெரியும். விதி வேலை செய்யும் இடம் கண்ணில் பட்டதில்லை.

இதை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ரவீந்திரநாத் தாகூர். ‘சிக்ஷார் ஹேர்ஃபேர்’ என்ற 1892-ஆம் ஆண்டுக் கட்டுரையில், தேவைக்கு மட்டும் படிக்கும் பிள்ளையின் மனம் வளராது, விருப்பத்தோடு வாசிக்கும்போதுதான் வாசிக்கும் ஆற்றலே கூடுகிறது என்று வாதிட்டார். அதோடு நிற்காமல், சாந்திநிகேதன் பள்ளிக்காக ஆங்கிலப் பாடநூல்களையும் தாமே எழுதினார்.

வங்காளத்தில் பிறந்த வாசிப்புக் கொள்கை

உலகெங்கும் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை மாற்றிய ஒரு சிந்தனை வங்க மாணவரைக் கவனித்ததிலிருந்து பிறந்தது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றிய தம் ஆய்வை 1926-இல் கல்கத்தாவில் வெளியிட்டார்.

அவர் கேட்டது எளிய கேள்வி: ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள், நின்றுபோனவர் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்பீட்டைப் பாதியில் விட்டாலும் ஒரு சரண்டர் தொகை உண்டு. ஆங்கிலக் கல்விக்கும் அப்படி ஒரு மதிப்பு வேண்டும் என்றார் அவர். அரைகுறையாகக் கற்ற இலக்கணத்தால் பயன் இல்லை. அரைகுறைப் பேச்சும், பேச ஆளில்லாத ஊரில் மறந்துபோகும். ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர் மட்டும் பள்ளியை விட்ட பிறகும் தானே வளர முடியும். எனவே வாசிப்பே முதலில் என்று முடிவு கட்டினார்.

வழியையும் காட்டினார். மாணவர் கையில் கொடுக்கும் நூலில் அரிய சொற்களை நீக்கி, அடிக்கடி புழங்கும் சொற்களை வைத்தார். புதிய சொற்களைக் கொத்தாகத் திணிக்காமல் இடைவெளி விட்டுப் பரப்பினார். ஒரு சொல் வந்தபின் அது மீண்டும் மீண்டும் வரும்படி பார்த்துக்கொண்டார். இப்படி உருவான நியூ மெத்தட் ரீடர்ஸ் வரிசை பல நாடுகளுக்குப் போனது. 1953-இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல், இன்று கடைகளில் கிடைக்கும் படிநிலை வாசிப்பு நூல்களுக்கெல்லாம் முன்னோடி. வங்கப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய அந்த எண்ணம் வங்காளப் பள்ளிகளில் நிலைக்கவில்லை. தேர்வுத்தாள் மாறாததால் நூல் மாறியும் பயன் இல்லாமல் போனது.

1980-களின் திருப்பம்

1977-இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி, 1980-களின் தொடக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்தது. ஆங்கிலம் ஆறாம் வகுப்பில்தான் தொடங்கும் என்றானது. 1974-இல் அமைந்த ஹிமாங்ஷு பிமல் மஜும்தார் குழுவின் பரிந்துரையும் இதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது. தாய்மொழி தாய்ப்பாலுக்கு நிகர் என்பது அன்றைய முழக்கம். நோக்கத்தில் நியாயம் இருந்தது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளை, தெரியாத மொழிக்கு அஞ்சிப் படிப்பை விட்டு ஓடக் கூடாது என்று அரசு எண்ணியது.

அதே சமயத்தில் பாடமுறையும் மாறியது. மாநில இடைநிலைக் கல்வி வாரியத்தின் ‘லர்னிங் இங்கிலீஷ்’ நூல்கள் இலக்கண விதிகளை ஒதுக்கிவிட்டு, உரையாடல், படம் பார்த்துச் சொல்லுதல், இணைந்து செய்யும் பயிற்சி என்று வந்தன. மேற்கில் அப்போது செல்வாக்குப் பெற்றிருந்த தொடர்பாடல் முறை அது. சிறிய வகுப்பும், சரளமாக ஆங்கிலம் பேசும் ஆசிரியரும் அதற்கு வேண்டும். மாவட்டப் பள்ளியில் ஒரே வகுப்பில் மாணவர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியரோ நெஸ்ஃபீல்டு படித்து வளர்ந்தவர். புத்தகத்தில் உரையாடல் இருந்தது. வகுப்பில் அதன் விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படி எடுக்கச் சொன்னார்கள். இலக்கணமும் போயிற்று, பேச்சும் வரவில்லை. நூல்களில் பத்திகள் குட்டையாக இருந்ததால் வாசிப்பும் சுருங்கியது.

வசதியுள்ள பெற்றோர் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போனார்கள். நடுத்தர வர்க்கம் டியூஷன் வைத்தது. ஒன்றுமில்லாதவர் பிள்ளைகள்தான் அரசின் பாடத்திட்டத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டார்கள். நிஹார் ரஞ்சன் ராய், சுகுமார் சென் போன்ற அறிஞர்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அசோக் மித்ரா ஆணையமும் 1998-இல் பவித்ர சர்க்கார் குழுவும் ஆராய்ந்த பிறகு ஆங்கிலம் படிப்படியாகத் திரும்பியது. 2004-இல் முதல் வகுப்புக்கே வந்தது. அந்தக் காலத்து மாணவர்களின் பிற்கால ஊதியத்தைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, ஆங்கிலம் கற்கும் வாய்ப்பு குறைந்தவர்களின் வருமானமும் குறைந்திருந்தது தெரிந்தது. சமத்துவத்துக்காக எடுத்த முடிவின் சுமையை ஏழைப் பிள்ளைகளே சுமந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த ஊசலாட்டம் உண்டு. 1950-களில் சென்னை மாநிலம் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திப் பயிற்றும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை போன்ற இடங்களில் என்.எஸ். பிரபு நடத்திய சோதனை வேறு வழியில் போனது. கால அட்டவணை, வரைபடம், கணக்குப் புதிர் போன்ற பணிகளைக் கொடுத்து, பொருளில் மனம் பதியும்போது இலக்கணம் தானாகப் படியும் என்று அவர் காட்ட முனைந்தார். உலகெங்கும் பேசப்பட்ட அந்தச் சோதனை நம் பொதுத்தேர்வைத் தொடவில்லை.

இன்றைய வகுப்பறை

உச்ச மாத்யமிக் பாடத்தில் பல ஆண்டுகளாக இடம்பெற்ற உரைநடைகளில் ஒன்று, அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலிலிருந்து எடுத்த ‘ஸ்ட்ராங் ரூட்ஸ்’. ராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் தெருவும், கலாமின் தந்தை ஜைனுலாப்தீனும், கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியும் கொல்கத்தா வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது மகிழ வேண்டிய செய்தி. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை விரும்பி வாசிக்கத் தக்க பகுதி.

அது வகுப்பில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆசிரியர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து வங்க மொழியில் பொருள் சொல்கிறார். மாணவர் கேட்கிறார், அவராக வாசிப்பதில்லை. பிறகு வினா-விடை கைடு வருகிறது. பாடத்தின் வாக்கியங்களிலிருந்தே இலக்கண வினாவும் வரும். “‘ஹூ இஸ் யுவர் ஃப்ரெண்ட்?’ ஹி ஆஸ்க்ட் மீ” என்பது போன்ற வாக்கியத்தைக் கொடுத்து அயற்கூற்றாக்கச் சொல்கிறார்கள். மேற்கோள் குறியை எடு, ‘இஸ்’ஸை ‘வாஸ்’ ஆக்கு, ‘யுவர்’ஐ ‘மை’ ஆக்கு, வினைச்சொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோ: “ஹி ஆஸ்க்ட் மீ ஹூ மை ஃப்ரெண்ட் வாஸ்.” முழு மதிப்பெண். கேட்டவர் யார், ஏன் கேட்டார், பதில் என்ன என்பது மாணவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

பள்ளி முடிந்ததும் டியூஷன். ஊரகப் பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, மேற்கு வங்காளத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கட்டணம் கட்டி டியூஷன் படிக்கிறார்கள். மேல்வகுப்பில் டியூஷனோடு ‘சஜெஷன்’ சேர்கிறது. இந்த ஆண்டு எந்தக் கேள்வி வரும் என்ற ஊகப் பட்டியல் அது. கூடவே டெஸ்ட் பேப்பர் தொகுப்பு. பள்ளிகளின் மாதிரித்தேர்வு வினாத்தாள்களைச் சேர்த்து ஆசிரியர் சங்கம் வெளியிடும் அந்தத் தடித்த புத்தகம்தான் பல வீடுகளில் இறுதியாண்டு மாணவர் கையிலிருக்கும் மிகப் பெரிய ஆங்கிலப் புத்தகம்.

இப்போது தேர்வுமுறையும் மாறியிருக்கிறது. 2024-25-இல் பதினொன்றாம் வகுப்பிலிருந்து பருவமுறை தொடங்கியது. 2025 செப்டம்பரில் நடந்த மூன்றாம் பருவத் தேர்வு ஓ.எம்.ஆர். தாளில் விடையைக் குறிக்கும் தேர்வு. விரிவாக எழுதும் தேர்வு நான்காம் பருவத்துக்கு. ஆண்டு முழுவதையும் ஒரே தேர்வில் சுமத்தாதது நல்ல மாற்றம். ஆனால் நான்கில் ஒன்றைக் குறிக்கும் வினாக்கள் படித்த பாடத்திலிருந்தே வந்தால், மனப்பாடத்தின் வடிவம்தான் மாறும். படிக்காத பத்தியிலிருந்து வந்தால் வாசிப்பு வளரும்.

சீன மாணவர் எழுதும் தாள்

இங்கே சீனத்தின் கல்லூரி நுழைவுத்தேர்வான காவ்காவைப் பார்ப்பது பயன் தரும். 2024-இல் அதற்கு 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அங்கேயும் பயிற்சிப் புத்தகக் குவியல் உண்டு, மன அழுத்தம் உண்டு. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத் தாளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். புதிய தேசியத் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். செவிமடுத்தலுக்கு 30, வாசிப்புப் பத்திகளுக்கு 50, பத்தியில் விடுபட்ட சொல்லைத் தேர்வதற்கு 15, இலக்கணத்துக்கு 15, எழுதுவதற்கு 40.

இலக்கணத்தின் பங்கு பத்தில் ஒன்றுதான். அதுவும் தனி வாக்கியங்களாக வருவதில்லை. ஒரு முழுப் பத்தியில் பத்து இடம் காலியாக இருக்கும். சில இடத்தில் மூலச்சொல் தரப்படும், சில இடத்தில் அதுவும் இல்லை. இறந்தகாலமா நிகழ்காலமா என்பதைப் பத்தியில் சொல்லப்படும் நிகழ்ச்சியைப் புரிந்துகொண்டால்தான் தீர்மானிக்க முடியும். எழுதும் பகுதியிலும் பாதியில் நின்ற ஒரு கதையை வாசித்து, அதன் நடையிலேயே தொடர்ந்து எழுத வேண்டும். வாசிக்காமல் இலக்கணத்துக்கு விடை எழுத வழியே இல்லாத தாள் அது. கைடு வெளியிடுவோரும் வேறு வழியின்றி அங்கே வாசிப்புப் பத்திகளை அச்சிடுகிறார்கள்.

கொல்கத்தாவிலேயே ஒரு சீனச் சமூகம் வாழ்கிறது. டாங்க்ராவின் ஹக்கா குடும்பங்கள் ஒரு காலத்தில் பிள்ளைகளைச் சீனவழிப் பள்ளிகளில் சேர்த்தன. 1962 இந்திய-சீனப் போரும் அதையொட்டிய தேவலி முகாம் சிறைவாசமும் அந்தச் சமூகத்தைக் குலைத்தன. அடுத்த தலைமுறை ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போயிற்று. பலர் டொராண்டோ போன்ற நகரங்களில் குடியேறினார்கள். ஆங்கிலம் அவர்களுக்கு நாள் முழுதும் எல்லாப் பாடத்திலும் வாசித்துப் பழகிய மொழி ஆனது. அதற்கு விலையாகச் சீன எழுத்து அடுத்த தலைமுறையின் கையைவிட்டு நழுவியது. வங்க வழி, தமிழ் வழி மாணவர் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. தாய்மொழியில் படித்துக்கொண்டே ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கும் வழியைப் பள்ளிதான் அமைத்துத் தர வேண்டும்.

சான்றுகள் என்ன சொல்கின்றன

வாசிப்பு இலக்கணத்தையும் வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்று ஃபிஜித் தீவிலிருந்து கிடைத்தது. வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் 1980-களின் தொடக்கத்தில் அங்கே கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏறத்தாழ 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்து நாள்தோறும் வாசிக்கச் செய்தார்கள். வாக்கிய அமைப்புகளை மட்டும் பயின்ற வகுப்புகளைவிட இந்தப் பிள்ளைகள் வாசிப்பில் முந்தினார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் எழுத்திலும் இலக்கணத்திலும்கூட முந்தியிருந்தார்கள்.

அதற்காக இலக்கணத்தைக் கைவிடலாகாது. நோரிஸ், ஓர்ட்டேகா இருவரும் 2000-ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விதியை வெளிப்படையாக விளக்குவது பயன் தருவது உறுதியானது. பதினேழு வயது மாணவருக்குக் காரணம் கேட்கும் அறிவு உண்டு. ஃபிஜிச் சிறுவரைப் போல வெறும் பழக்கத்தில் கற்கக் காத்திருக்க அவருக்கு நேரமும் இல்லை.

ஆனால் எந்த இலக்கணம்? வங்க மொழி வினைச்சொல் ஒருமை பன்மைக்கு மாறாது. ஆகவே ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமை எழுவாய்க்கு வரும் ‘எஸ்’ விகுதி விட்டுப்போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே படர்க்கைப் பெயர் என்பதால் ‘ஹி’யும் ‘ஷி’யும் மாறிவிழும். தமிழ் மாணவருக்கு இந்த இரண்டாவது தொல்லை இல்லை. ‘ஏ’, ‘தி’ எங்கே வரும், முன்னிடைச்சொல் எது, காலம் எது என்பவை இருவருக்கும் பொதுவான சிக்கல்கள். மாணவர் கட்டுரையில் உண்மையில் செய்யும் பிழைகள் இப்படி ஐந்தாறு வகைக்குள் அடங்கும். வாக்கிய மாற்றப் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் கால்பங்கை இந்தப் பிழைகளுக்குக் கொடுத்தாலே போதும்.

நூலைத் தேர்வதிலும் அளவு அறிய வேண்டும். ஒரு பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருந்தால்தான் அகராதி இல்லாமல் வாசிக்க முடியும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் போன்றோர் கண்டிருக்கிறார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். கீட்ஸின் கவிதையைப் பாடமாக வைத்துவிட்டு மாணவருக்கு வாசிக்க வரவில்லை என்று நோவது நியாயமில்லை. கவிதை இருக்கட்டும்; அதற்குப் பக்கத்தில் அவரால் தனியே வாசிக்க முடிந்த நூலும் இருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்

முதலில் வினாத்தாள் மாற வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்காவது படிக்காத பத்திகளுக்குப் போகட்டும். இலக்கண வினாக்கள் பத்திக்குள் வரட்டும். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு முடிவு போதும். தமிழ்நாட்டில் 2018-19-இல் பிளஸ் டூ ஆங்கிலத்தின் இரண்டு தாள்களை ஒன்றாக்கிச் சுமையைக் குறைத்தார்கள். அதே துணிவோடு தாளின் உள்ளடக்கத்தையும் மாற்றலாம்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு ஆங்கில வகுப்பையாவது மௌன வாசிப்புக்கு ஒதுக்க வேண்டும். ஆசிரியரும் உடன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வகுப்புக்கு நூறு புத்தகம் இருந்தால் ஆண்டு முழுதும் ஓடும். வங்கப் பிள்ளைக்கு சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் கொடுக்கலாம். கதை தெரியும், ஊர் தெரியும், ஆகவே மொழி எளிதில் வசமாகும். தமிழ்ப் பிள்ளைக்கு ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ இருக்கிறது. பாடத்தில் ஒரு துண்டாக வரும் கலாமின் நூல் முழுதாகவே இருக்கிறது. கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டிலும் சென்னையின் பழைய புத்தகக் கடைகளிலும் இவற்றை வாங்கிவிடலாம்.

மூன்றாவது, இலக்கண வகுப்பு மாணவரின் கட்டுரை நோட்டிலிருந்து தொடங்க வேண்டும். பிழையைக் காட்டி, விதியைச் சொல்லி, அந்த விதி வேலை செய்யும் ஒரு பத்தியை உடனே வாசிக்கக் கொடுத்தால் விதி மனதில் தங்கும்.

இருநூறு ஆண்டு அனுபவம் தரும் தீர்ப்பு தெளிவானது. இலக்கணமும் வாசிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஆனால் நேரம் குறைவாக இருக்கும் இறுதியாண்டில் முதலிடம் வாசிப்புக்கே, இலக்கணம் அதற்குத் துணை. வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை எந்தப் பாடமுறையிலும் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியே கதி. இந்த ஆண்டு பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால், இன்னொரு கைடு வாங்கும் பணத்தில் அவரால் வாசித்து முடிக்க முடிந்த ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் அதற்கென ஒதுக்கச் சொல்லுங்கள்.